ஓவைன் கிளின்டூர்

ஓவைன் கிளின்டூர் (பிறப்பு ஏறத்தாழ 1354 அல்லது 1359, இறப்பு ஏறத்தாழ 1415) வேல்ஸ் இளவரசர் என்ற பட்டத்தைச் சூடிய கடைசி வேல்சியர் ஆவார். இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றிக்கு எதிராக 1400ஆம் ஆண்டில் இவர் தொடங்கிய கிளர்ச்சி பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. சில ஆண்டுகள் வேல்ஸின் பெரும்பகுதி இவரது ஆட்சியில் இருந்தது. இவர் நாடாளுமன்றம் கூட்டினார். பிரான்சுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். வேல்ஸுக்கெனத் தனித் திருச்சபையும் பல்கலைக்கழகங்களும் வேண்டும் எனத் திட்டமிட்டார்.

இவ்வளவு அறியப்பட்டவராக இருந்தும் இவரது முகம் எப்படி இருந்தது என்பதற்கு நம்பத்தகுந்த ஓவியச் சான்று எதுவும் இல்லை. நூல்களிலும் அஞ்சல் தலைகளிலும் சிலைகளிலும் காணப்படும் உருவங்கள் பிற்காலக் கலைஞர்களின் கற்பனையில் தோன்றியவை. இவருடைய கூட்டாளிகளின் உருவங்களுக்கும் இது பொருந்தும். இவர் உயிருடன் இருந்தபோதே செய்யப்பட்டது என உறுதியாகச் சொல்லத்தக்க உருவம் இவருடைய அரச முத்திரையில் மட்டுமே உள்ளது.

பெயர்

வேல்சிய மொழியில் அப் என்பது மகன் எனப் பொருள்படும். அதன்படி இவரது முழுப்பெயர் ஓவைன் அப் கிரிஃபித் ஆகும். கிளின்டூர் என்பது டீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இவருக்கு உரிமையான கிளின்டவர்டுய் என்ற நிலப்பகுதியின் பெயரிலிருந்து சுருங்கி வந்தது. சேக்சுபியரின் நாடகத்தின் வழியாகப் பரவிய கிளென்டோவர் என்பது ஆங்கிலேயர் வழக்கு. இக்கட்டுரையில் வேல்சிய ஒலிப்பு பின்பற்றப்படுகிறது.

இளமைக் காலம்

இவருடைய தந்தை கிரிஃபித் வகன் வடகிழக்கு வேல்ஸின் பழைய பொவிஸ் அரச மரபில் வந்தவர். தாய் எலென் தெற்கு வேல்ஸின் டெகைபார்த் அரச மரபினர். 1282-83இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் வேல்ஸைக் கைப்பற்றிய பின்னர் இம்மரபினர் அரசர்களாக இல்லை, நிலக்கிழார்களாக வாழ்ந்தனர். எனினும் இரு மரபுகளின் உரிமையும் ஓவைனிடம் சேர்ந்திருந்தது பின்னாளில் முக்கியத்துவம் பெற்றது.

தந்தை இறந்தபின் இவர் இலண்டனில் சட்டம் பயின்றதாகக் கருதப்படுகிறது. நீதிபதி சர் டேவிட் ஹான்மரின் மகள் மார்கரெட்டை மணந்தார். 1384இல் இசுக்காட்லாந்து எல்லையிலுள்ள பெரிக் கோட்டைக் காவற்படையிலும், 1385இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் இசுக்காட்லாந்துப் படையெடுப்பிலும் பணியாற்றினார். கிளர்ச்சியாளராக அறியப்படும் இவர் நாற்பது வயதைக் கடக்கும்வரை ஆங்கில அரசின் விசுவாசமான படைவீரராகவே இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

1386இல் இவர் செஸ்டர் நகரில் ஒரு வழக்கில் சாட்சியம் அளித்தார். ஸ்குரோப், குரோவெனர் என்ற இரு குடும்பங்களில் யாருக்கு ஒரு குறிப்பிட்ட கேடயச் சின்னம் உரியது என்பதே வழக்கு. கவிஞர் சாசரும் இவ்வழக்கின் சாட்சிகளுள் ஒருவர். சாட்சி சொன்னபோது ஓவைன் தம் வயதைக் கூறியது பதிவாகியுள்ளது; 1359 என்ற பிறப்பாண்டு அதிலிருந்து கணக்கிடப்படுகிறது. தம்பி டுடுரும் அதே வழக்கில் சாட்சி சொன்னார். ஒரு கேடயத்தில் என்ன வரையலாம் என்பதற்காக நூற்றுக்கணக்கானோர் சாட்சி சொன்ன காலம் அது. ஆளின் முகத்தைவிட அவரது சின்னத்துக்கே அக்காலத்தில் மதிப்பு மிகுதி.

இவருடைய இல்லம் சிகார்த்தில் இருந்தது. யோலோ கோக் என்ற கவிஞர் அவ்வில்லத்தைப் புகழ்ந்து பாடியுள்ளார். அகழி சூழ்ந்த மேடு, மரத்தாலான மாளிகை, ஓடு வேய்ந்த கூரை, புகைபோக்கி, மீன்குளம், மான்கள் உலவும் தோட்டம் ஆகியவற்றை அப்பாடல் விவரிக்கிறது. வீட்டை இத்தனை நுணுக்கமாகக் காட்டும் அக்கவிஞர் வீட்டுக்காரரின் முகத்தை அவ்வாறு காட்டவில்லை. சிகார்த்தில் இன்று மேடு மட்டுமே எஞ்சியுள்ளது.

கிளர்ச்சி

1399இல் இரண்டாம் ரிச்சர்டை நீக்கிவிட்டு நான்காம் ஹென்றி அரியணை ஏறினார். இக்காலத்தில் ஓவைனுக்கும் அண்டை நிலக்கிழாரான ருதின் பிரபு ரெஜினால்ட் கிரேக்கும் நிலத்தகராறு இருந்தது. கிரே புதிய மன்னருக்கு நெருக்கமானவர். மன்னர் அனுப்பிய படை அழைப்பாணையை கிரே வேண்டுமென்றே தாமதித்துக் கொடுத்து ஓவைனைத் துரோகி போல் தோன்றச் செய்தார் என்றும் கூறப்படுகிறது. இத்தகராறை மட்டும் கிளர்ச்சிக்குக் காரணமாகக் காட்டுவது போதாது. வரிச்சுமை, ஆங்கில நகரங்களில் வேல்சியருக்கு மறுக்கப்பட்ட உரிமைகள் ஆகியவற்றால் நாடெங்கும் மனக்கசப்பு நிலவியது.

1400 செப்டம்பர் 16 அன்று கிளின்டவர்டுயில் கூடிய உறவினரும் நண்பர்களும் ஓவைனை வேல்ஸ் இளவரசராக அறிவித்தனர். இரண்டு நாட்களில் ருதின் நகரம் தாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு புனித வெள்ளியன்று, இவருடைய தாய்வழி உறவினர்களான ரீஸ் அப் டுடுர், குவிலிம் அப் டுடுர் என்ற சகோதரர்கள் கான்வி கோட்டையைக் கைப்பற்றினர். காவலர்களில் பெரும்பாலோர் தேவாலயத்தில் இருந்த நேரத்தில், தச்சுவேலைக்கு வந்தவர்கள் போல் நடித்து அவர்களது ஆட்கள் உள்ளே நுழைந்தனர். 1401 கோடையில் ஹித்கென் மலைப்பகுதியில் ஓவைனின் சிறுபடை தன்னைவிடப் பெரிய படையொன்றை வென்றது. அவ்வாண்டு நவம்பரில் கர்னார்வன் முன் வெண்ணிறத்தில் பொன்னிற டிராகன் பொறித்த கொடி உயர்த்தப்பட்டது.

ஆங்கில நாடாளுமன்றம் 1401-02இல் கடுமையான சட்டங்களை இயற்றியது. வேல்சியர் பொதுப்பதவி வகிக்கவோ, ஆயுதம் ஏந்தவோ, கூட்டம் கூடவோ, ஆங்கில நகரங்களில் நிலம் வாங்கவோ தடை விதிக்கப்பட்டது. கிளர்ச்சியை அடக்க வந்த இச்சட்டங்களே பலரைக் கிளர்ச்சியின் பக்கம் தள்ளின. இவை முறைப்படி நீக்கப்பட்டது 1624இல்தான்.

1402இல் ரெஜினால்ட் கிரே சிறைப்பிடிக்கப்பட்டார். அவரை மீட்க 10,000 மார்க் பணயத்தொகை கேட்கப்பட்டது. ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. சூன் 22 அன்று பிரின் கிளாஸ் குன்றில் நடந்த போரில் எட்மண்ட் மார்ட்டிமரின் படை தோற்றது. மார்ட்டிமரிடம் இருந்த வேல்சிய வில்லாளிகள் நடுவில் அணி மாறினர். கிரேக்குப் பணயம் செலுத்த இசைந்த மன்னர் மார்ட்டிமருக்கு அதைச் செய்யவில்லை. மார்ட்டிமரின் அண்ணன் மகனுக்கு இங்கிலாந்து அரியணையில் உரிமை இருந்ததால், அவர் சிறையிலேயே இருப்பது மன்னருக்கு வசதியாக இருந்தது. கைவிடப்பட்ட மார்ட்டிமர் அவ்வாண்டு இறுதிக்குள் ஓவைனின் மகள் காட்ரினை மணந்து கூட்டாளியானார்.

அவ்வாண்டு செப்டம்பரில் மன்னர் நடத்திய படையெடுப்பு கடும் மழையாலும் புயலாலும் குலைந்தது. ஓவைன் மந்திரத்தால் வானிலையை மாற்றுகிறார் என ஆங்கிலேயர் நம்பத் தொடங்கினர். பிற்கால ஓவியங்களில் இவர் மந்திரவாதியாகத் தோன்றுவதற்கு வித்து இதுவே.

முத்திரையும் அரசும்

1404இல் ஹார்லெக், அபரிஸ்ட்வித் கோட்டைகள் வீழ்ந்தன. அவ்வாண்டு மாக்கன்லெத்தில் ஓவைன் நாடாளுமன்றத்தைக் கூட்டினார். சூலை 14 அன்று பாரிசில் பிரான்சுடன் உடன்படிக்கை கையெழுத்தானது. வேல்ஸ் சார்பில் சென்றவர்கள் இவருடைய தலைமைச் செயலர் கிரிஃபித் யங்கும் மைத்துனர் ஜான் ஹான்மரும் ஆவர்.

அரசு ஒன்று கடிதம் எழுதினால் முத்திரை வேண்டும். ஓவைனின் பெருமுத்திரை இக்காலத்தில் உருவானது. அதன் ஒரு பக்கத்தில் இவர் கோதிக் பாணி விதானத்தின் கீழ் அரியணையில் அமர்ந்து வலக்கையில் செங்கோல் பிடித்திருக்கிறார். தலையில் ஏதும் இல்லை. தாடி நுனியில் இரண்டாகப் பிரிந்துள்ளது. மறுபக்கத்தில் முழுக்கவசத்துடன் குதிரையில் வாளேந்திச் செல்கிறார். கேடயத்தில் நான்கு சிங்கங்கள் உள்ளன. தலைக்கவசத்தின் மேல் டிராகன் உள்ளது. நான்கு சிங்கங்கள் வடக்கே இருந்த குவினெத் அரசின் சின்னம். தம் சொந்தப் பொவிஸ் மரபின் சின்னத்தை விட்டு இதை இவர் எடுத்துக்கொண்டது வேல்ஸ் முழுமைக்கும் உரிமை கோரியதைக் காட்டுகிறது.

இதை உருவப்படமாகக் கொள்ளலாமா என்றால் முழுமையாகக் கொள்ள இயலாது. அக்கால முத்திரைகளில் அரசர்கள் எல்லோரும் ஏறத்தாழ இதே தோற்றத்தில்தான் இருப்பர். பிரிந்த தாடியும் அந்நாளைய வழக்கமே. மெழுகில் பதிந்த முகம் விரல்நுனி அளவுகூட இல்லை. இருந்தாலும் முத்திரையைச் செதுக்கியவரோ அவருக்கு ஆணையிட்டவரோ ஓவைனை நேரில் கண்டிருக்க வாய்ப்புண்டு. வேறு எந்த ஓவியருக்கும் அவ்வாய்ப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. இம்முத்திரை பொதிந்த கடிதங்கள் பாரிசிலுள்ள பிரெஞ்சுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அக்கடிதங்களுள் புகழ்பெற்றது 1406 மார்ச் 31 அன்று பென்னாலில் இருந்து பிரெஞ்சு மன்னர் ஆறாம் சார்லசுக்கு எழுதப்பட்டது. அவிஞ்ஞோன் திருத்தந்தை பதின்மூன்றாம் பெனடிக்டை ஏற்பதாக ஓவைன் அதில் உறுதியளித்தார். அதற்கு ஈடாக, புனித டேவிட் ஆலயம் கான்டர்பரிக்குக் கட்டுப்படாத தலைமைப் பீடமாக வேண்டும், வேல்சிய மொழி அறிந்தவர்களே குருக்களாக வேண்டும், வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரு பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று கேட்டார். வேல்ஸ் பல்கலைக்கழகம் அமைந்தது 1893இல்தான். இக்கடிதம் 2000ஆம் ஆண்டில் அபரிஸ்ட்வித்திலுள்ள தேசிய நூலகத்துக்கு இரவலாகக் கொண்டுவரப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டது.

கூட்டணியும் சரிவும்

ஹாட்ஸ்பர் என அழைக்கப்பட்ட ஹென்றி பெர்சி 1403இல் மன்னருக்கு எதிராக எழுந்தார். சூலை 21 அன்று சுரூஸ்பரிப் போரில் அவர் கொல்லப்பட்டார். அவருடைய சிற்றப்பா வூஸ்டர் பிரபு தாமஸ் பெர்சி போருக்குப்பின் தலை வெட்டப்பட்டார். ஓவைனின் படை அப்போரில் கலந்துகொள்ளவில்லை. 1405 பெப்ரவரியில் ஹாட்ஸ்பரின் தந்தை நார்தம்பர்லாந்து பிரபு, மார்ட்டிமர், ஓவைன் ஆகிய மூவரும் இங்கிலாந்தையும் வேல்ஸையும் மூன்றாகப் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்தனர்.

அதே ஆண்டில் தோல்விகள் தொடங்கின. மே மாதம் அஸ்க் நகருக்கு அருகே புல் மெலின் போரில் தம்பி டுடுர் இறந்தார். மகன் கிரிஃபித் சிறைப்பட்டு இலண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். களத்தில் கிடந்த டுடுரின் உடலை ஆங்கிலேயர் முதலில் ஓவைன் என்றே எண்ணியதாகவும், கண்ணருகே இருக்க வேண்டிய மரு இல்லாததால் உண்மை தெரிந்ததாகவும் ஒரு மரபுச் செய்தி உண்டு. இது உண்மையாயின், ஓவைனின் முகத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள தனித்த அடையாளம் இந்த மரு ஒன்றே. பெரும்பாலான ஓவியர்கள் இதை வரைவதில்லை.

ஆகத்து மாதம் பிரெஞ்சுப் படை மில்ஃபோர்ட் ஹேவனில் இறங்கியது. இணைந்த படைகள் இங்கிலாந்துக்குள் வூஸ்டர் அருகேயுள்ள வுட்பரி குன்றுவரை சென்றும் பெரும்போர் நிகழாமல் திரும்பின. அதன்பின் பிரான்சு விலகியது. இளவரசர் ஹென்றி (பின்னாளில் ஐந்தாம் ஹென்றி) கோட்டைகளை ஒவ்வொன்றாக முற்றுகையிட்டார். அபரிஸ்ட்வித் 1408இலும் ஹார்லெக் 1409இலும் வீழ்ந்தன. ஹார்லெக் முற்றுகையில் மார்ட்டிமர் இறந்தார். மார்கரெட், காட்ரின், காட்ரினின் பெண் குழந்தைகள் உள்ளிட்டோர் இலண்டன் கோபுரத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். காட்ரினும் அவருடைய மகள்களும் அங்கேயே மாண்டு இலண்டன் புனித சுவிதின் தேவாலயத்தில் புதைக்கப்பட்டனர்.

ஓவைன் பிடிபடவில்லை. 1412இல் தம் எதிரி டாவித் கேமைப் பிடித்துப் பணயம் பெற்று விடுவித்ததே இவரைப் பற்றிய கடைசி உறுதியான செய்தி. 1415இல் ஐந்தாம் ஹென்றி பொதுமன்னிப்புக்கு முன்வந்தும் பதில் இல்லை. இவரை எவரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. சமகால வரலாற்றாளரான அஸ்க் ஊர் ஆடம், இவர் 1415இல் இறந்து இரவில் புதைக்கப்பட்டார் என்றும், எதிரிகள் இடத்தை அறிந்ததால் உடல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது என்றும் எழுதியுள்ளார். எஞ்சிய மகன் மரெடித் 1421இல் மன்னிப்பை ஏற்றார்.

கற்பனை உருவங்கள்

இவர் பணிபுரிந்த இரண்டாம் ரிச்சர்டுக்கு அவர் காலத்திலேயே வரைந்த பேரோவியம் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ளது. இவர் எதிர்த்த நான்காம் ஹென்றிக்குக் கான்டர்பரியில் வெண்பளிங்குக் கல்லறைச் சிற்பம் உள்ளது. தோற்றவரான ஓவைனுக்கோ கல்லறையே இல்லை. எனவே இவரை வரைய முற்பட்டோர் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. அவ்வெழுத்தும் நீண்டகாலம் சேக்சுபியருடையதாகவே இருந்தது.

என்றி ஃபியூசெலி 1784இல் வரைந்த ஓவியம் பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் உள்ளது. கிளின்டூர், ஹாட்ஸ்பர், மார்ட்டிமர், வூஸ்டர் நால்வரும் நாட்டைப் பங்கிடுவது பற்றி வாதிடும் நாடகக் காட்சியே அதன் பொருள். 1789இல் இலண்டனில் திறக்கப்பட்ட பாய்டெலின் சேக்சுபியர் ஓவியக்கூடத்துக்காக ரிச்சர்ட் வெஸ்டாலும் இதே காட்சியை வரைந்தார். ஓவைனையும் கூட்டாளிகளையும் ஒருசேரக் காட்டும் புகழ்பெற்ற ஓவியங்கள் இவை. ஆனால் இக்காட்சி வரலாற்றில் நிகழ்ந்ததே இல்லை. 1405இல் ஒப்பந்தம் உருவானபோது ஹாட்ஸ்பரும் வூஸ்டரும் இறந்து ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. நாடகத்தின் வசதிக்காகச் சேக்சுபியர் செய்த மாற்றத்தை ஓவியர்கள் அப்படியே ஏற்றனர்.

வில்லியம் பிளேக் கடைப்பிடித்த வழி வேறு. 1819 முதல் தம் நண்பர் ஜான் வார்லியின் வீட்டில் இரவுகளில் அமர்ந்து, இறந்துபோன வரலாற்று மாந்தர் தம் கண்முன் தோன்றுவதாகக் கூறி அவர்களை வரைந்தார். அவ்வாறு வரையப்பட்டவர்களுள் ஓவைன் கிளின்டூரும் ஒருவர்.

இதற்கு முன்பே வேல்சிய எழுத்தாளர் தாமஸ் பெனன்ட் தமது பயணநூலில் (1778) ஓவைனின் வரலாற்றை விரிவாக எழுதியிருந்தார். மந்திரவாதி என்ற பிம்பம் மெல்ல விலகி நாட்டுத் தலைவர் என்ற பிம்பம் வளர்ந்தது. 1916இல் கார்டிஃப் நகர மண்டபத்தில் நிறுவப்பட்ட வேல்ஸ் மாவீரர் சிலைகளில் ஆல்ஃபிரட் டர்னர் செதுக்கிய ஓவைனின் பளிங்குச் சிலையும் ஒன்று. 1974இல் பிரித்தானிய அஞ்சல்துறை இடைக்கால வீரர்கள் வரிசையில் இவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. ஓவியர் ஃபிரிட்ஸ் வெக்னர். அதே வரிசையில் ஐந்தாம் ஹென்றியும் குதிரையில் வருகிறார். போர்க்களத்தில் எதிரெதிராக நின்ற இருவர் ஒரே அஞ்சல் தொகுப்பில் இடம்பெற்றது வியப்புக்குரியதே. கோர்வென் ஊரில் 2007இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலையும் இவரைக் குதிரைமீதே காட்டுகிறது.

வேல்ஸ் எல்லையிலுள்ள கென்ட்சர்ச் மாளிகையில் ஒரு பழைய பலகை ஓவியம் உண்டு. கடுமையான பார்வையுடைய முதியவர் ஒருவர் அதில் இருக்கிறார். அவர் கென்ட் ஜாக் என்ற நாட்டுப்புறக்கதை மாந்தர் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. ஓவைனின் மகள் ஆலிஸ் அம்மாளிகையின் ஸ்குடமோர் குடும்பத்தில் மணமுடித்தவர். ஆகவே தலைமறைவாக இருந்த ஓவைன் மகளின் இல்லத்தில் மாறுவேடத்தில் வாழ்ந்தார், ஓவியத்தில் இருப்பவர் அவரே எனச் சிலர் கருதுகின்றனர். இதற்கு ஆதாரம் இல்லை. அம்முகத்தில் முத்திரையுடன் ஒப்பிடத்தக்க அடையாளமும் இல்லை. ஆயினும் ஓவைனுக்கு ஒரு முகம் வேண்டும் என்ற மக்களின் ஆவலை இக்கருத்து காட்டுகிறது.

கூட்டாளிகளை வரைவோருக்கு இவ்வளவு பற்றுக்கோடும் இல்லை. பிரின் கிளாஸ் போரில் படை நடத்தியதாகக் கூறப்படும் ரீஸ் கெதினுக்குப் பெயரே எஞ்சியுள்ளது. கான்வியைப் பிடித்த சகோதரர்கள் சார்ந்த டுடுர் குடும்பத்துக்கு மட்டும் ஓர் உதவி உண்டு. அவர்களுடைய அண்ணன் கொரோன்வி 1382இல் இறந்தார். அவரும் மனைவியும் படுத்திருக்கும் வெண்பளிங்குச் சிற்பக் கல்லறை ஆங்கில்சி தீவின் பென்மினித் தேவாலயத்தில் உள்ளது. கவசத்தின் அமைப்பு, தலைக்கவசம், வாள்வார் போன்றவற்றை அக்காலத்து வேல்சியப் பெருங்குடியினர் எவ்வாறு அணிந்தனர் என்பதை அதில் நேரடியாகக் காணலாம். உடையைப் பொறுத்தவரை ஓவியர் ஊகிக்க வேண்டியதில்லை. ஊகம் முகத்தில்தான் தொடங்குகிறது. இச்சகோதரர்களின் மற்றொரு உடன்பிறப்பான மரெடித்தின் வழியில் வந்தவரே 1485இல் இங்கிலாந்து அரியணையைக் கைப்பற்றிய ஏழாம் ஹென்றி.

கேயோ பகுதி நிலக்கிழாரான லவெலின் அப் கிரிஃபித் வகன் மற்றொரு கூட்டாளி. பெயர் ஒத்திருந்தாலும் இவர் ஓவைனின் உடன்பிறந்தவர் அல்லர். ஓவைனின் மறைவிடத்தைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டு, மன்னரின் படையை வேண்டுமென்றே தவறான வழிகளில் அலைக்கழித்தார். 1401 அக்டோபர் 9 அன்று லான்டோவரியில் மன்னர் முன்னிலையில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். 600 ஆண்டுகள் கழித்து 2001இல் அவ்வூர்க் கோட்டை மேட்டில் துருப்பிடிக்காத எஃகில் 16 அடி உயரச் சிலை நிறுவப்பட்டது. டோபி பீட்டர்சன், கிடியன் பீட்டர்சன் ஆகியோர் உருவாக்கிய அச்சிலையில் போர்வையும் தலைக்கவசமும் கேடயமும் ஈட்டியும் உள்ளன. தலைக்கவசத்துக்குள் முகம் வைக்கப்படவில்லை. போர்வைக்குள்ளும் வெற்றிடமே உள்ளது.